மாங்கூழ் ஏற்றுமதி செய்கிறவர்கள் கவனத்துக்கு: இமெயில் கேம்பெய்ன் ஏஜென்சி

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டு பையர்களுக்கு நம்ம சார்பில் இமெயில் அனுப்பித் தருகிற பெங்களூர் ஏஜென்சி ஒன்று (பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை) நம்ம பக்கம் ஆலை ஆலையாக ஏறி இறங்குகிறது.

எங்களிடம் சீசனுக்கு முன்னால் வந்தார்கள். "ஏ/பி டெஸ்ட் பண்ணி, எந்த சப்ஜெக்ட் லைன் எடுபடுது, எந்த நேரத்துல அனுப்பினா பையர் திறக்கிறார்னு கண்டுபிடிச்சுத் தர்றோம் சார்" என்று முன்பணம் வாங்கினார்கள்.

மே கடைசியில் கலர் கலராக ரிப்போர்ட் வந்தது. பாதிக்கு மேல் திறந்து பார்த்தார்களாம். ஆனால் விலை கேட்டு ஒருத்தர்கூட எழுதவில்லை.

அனுப்பிய விவரத்தை எக்செலில் கேட்டு வாங்கினேன். 'பெங்களூரா மாங்கூழ், 215 கிலோ டிரம்' என்ற தலைப்பு செவ்வாய்க்கிழமை துபாய்க்குப் போயிருக்கிறது. விலை போட்ட தலைப்பு வெள்ளிக்கிழமை சவுதிக்கு. அங்கே வெள்ளி, சனி வார விடுமுறை! கீழே 'முதல் தலைப்பு வெற்றி' என்று முடிவு வேறு. தலைப்பு, நாள், நாடு மூன்றையும் மாற்றிவிட்டு எதை வைத்து வெற்றி? ஒரே லிஸ்ட்டைக் கலைத்துப்போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரே நேரத்தில், தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பினால்தான் அது ஏ/பி டெஸ்ட். நெதர்லாந்துக்கும் நம்ம மணி காலை பத்துக்கே தட்டிவிட்டிருக்கிறார்கள். மே மாதத்தில் அங்கே அப்போது ஆறரை.

ஓப்பன் கணக்கையும் நம்பாதீர்கள். மெயிலுக்குள் வைத்த குட்டிப் படம் இறங்கினாலே திறந்ததாக எண்ணிவிடுவார்கள். 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த பிரைவசி வசதியை ஆன் செய்திருந்தால், மெயில் ஆப் படங்களைத் தானாக முன்கூட்டியே இறக்கிவிடும். ஆள் பார்க்காவிட்டாலும் 'ஓப்பன்' ஏறும். கிளிக் எத்தனை, ரிப்ளை எத்தனை என்று கேட்டதும் பேச்சை மாற்றினார்கள்.

பெரிய அடி அதற்குப் பிறகுதான். அவர்கள் அனுப்பியது எங்கேயோ விலைக்கு வாங்கிய லிஸ்ட்டுக்கு, அதுவும் எங்கள் டொமைனிலிருந்து, அதாவது எங்கள் கம்பெனி பெயரில் முடியும் மெயில் முகவரியிலிருந்து. பாதி முகவரி செத்தது, பவுன்ஸ் ஆகித் திரும்பியது. மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கெடுபிடி: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் செட்டிங்குகள்) சரியாக இருக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஓமனில் இருக்கும் எங்கள் பழைய பையர் போன் போட்டு, "புரோஃபார்மா இன்வாய்ஸ் எங்கே?" என்றார். எங்கள் டொமைனுக்கே கெட்ட பேராகி, அது அவருடைய ஸ்பேமில் கிடந்தது.

முன்பணம் திரும்பவில்லை. "ரிப்போர்ட் கொடுத்துட்டோமே சார்" என்கிறார்கள்.

உங்களிடம் வந்தால் லிஸ்ட் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். டொமைன் லாகினைக் கையில் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.