ஏடிவியா, சைடு பை சைடா? பையூட் தடத்தில் ஏழு வருடம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மேரிஸ்வேல் என்ற ஊரிலிருந்து மலையேறும் வழியில், ஒரு பக்கத்தடத்தின் வாயிலில் இரண்டு கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். 50 அங்குல அகலத்துக்குள் அடங்கும் வண்டி மட்டும் உள்ளே போகலாம் என்று பலகை. நான் வாங்கிய சைடு பை சைடும் (கார் மாதிரி ஸ்டீயரிங் வைத்த மலைத்தட வண்டி) 50 அங்குலம் என்றுதான் கம்பெனிப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி. அவர் அகலமான சக்கரங்களை மாட்டியிருந்தார். கம்பங்களுக்கு முன்னால் நிறுத்தி அளவுநாடாவை வைத்துப் பார்த்தேன். 53 அங்குலம். அதற்கு முன் நான்கு வருடம், பைக் மாதிரி ஏறி உட்காரும் ஏடிவியில் யோசிக்காமல் நுழைந்து போன தடம் அது. அன்று திரும்பி வந்துவிட்டேன்.

அதனால் இந்த இரண்டில் எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும், வண்டியைப் பார்க்கும் முன் தடத்தைப் பாருங்கள் என்கிறேன். நீங்கள் அடிக்கடி போகப்போகும் இடத்தின் வரைபடத்தை எடுத்து, எந்தத் தடத்துக்கு எவ்வளவு அகலம் அனுமதி என்று குறித்துக்கொள்ளுங்கள். குதிரைத்திறன், சஸ்பென்ஷன் எல்லாம் அப்புறம்.

நாங்கள் இருப்பது யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில். மூன்று மணி நேரம் தெற்கே போனால் பையூட் ஏடிவி தடம். ஃபிஷ்லேக் தேசிய வனத்தை ஒட்டி ஓடும் இதன் முக்கிய வளையம் மட்டும் சுமார் 275 மைல். இதுதான் தொடக்கம், இதுதான் முடிவு என்று எதுவும் கிடையாது. எந்த ஊரில் ஏறினாலும் சுற்றிவந்து அதே ஊரில் இறங்கலாம். டஷர் மலைகளில் அது பத்தாயிரம் அடிக்கு மேலே ஏறுகிறது. நான் பெரும்பாலும் ஓட்டியது இங்கேதான். நான்கு வருடம் ஏடிவி, அதன்பின் மூன்று வருடம் சைடு பை சைடு. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. என் அனுபவம் வண்டியின் வகையைப் பற்றியது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏடிவி என்பது பைக் போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி. சைடு பை சைடில் கார் மாதிரி ஸ்டீயரிங், பெடல், பக்கத்தில் ஒரு இருக்கை, பெல்ட், மேலே இரும்புக் கூண்டு. ஏடிவியின் கதை 1970இல் ஹோண்டா விற்ற மூன்று சக்கர வண்டியில் தொடங்குகிறது. அவை கவிழ்ந்து பலர் அடிபட்டதால் 1988இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. சுசுகி 1982லேயே நான்கு சக்கரத்துக்கு வந்துவிட்டது. சைடு பை சைடு அதற்கெல்லாம் பின்னால் வந்தது. 50 அங்குலத் தடங்களில் நுழையும்படி பொலாரிஸ் கம்பெனி தன் ஆர்இசட்ஆர் வண்டியை 2007இல் கொண்டுவந்த பிறகுதான் மலைத்தடங்களில் இந்த வகை பெருகியது. அந்த 50 அங்குலமே வனத்துறையின் கணக்கு.

என் ஏடிவி 570 சிசி. எடை சுமார் 325 கிலோ. பிக்கப்பின் பின்தட்டில் இரண்டு ராம்ப் வைத்து ஏற்றி, நான்கு மூலையிலும் பட்டை கட்டினால் முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்து இருபது நிமிடத்தில் கிளம்பிவிடலாம். சைடு பை சைடு அரை டன்னுக்கு மேல். அதற்கு ட்ரெய்லர் வேண்டும், ட்ரெய்லர் நிற்க இடம் வேண்டும், அதன் டயரையும் விளக்கையும் கவனிக்க வேண்டும். வண்டிக்கு 11,500 டாலர் கொடுத்தேன். ட்ரெய்லர், விண்ட்ஷீல்டு, ஸ்பேர் டயர் என்று முதல் வருடத்திலேயே இன்னும் 3,000 போனது. ஏடிவியை நான் வாங்கியது 4,800 டாலருக்கு.

ஓட்டும்போது ஏடிவிதான் என் உடம்போடு ஒட்டிய வண்டி. மேட்டில் ஏறும்போது முன்னால் சாய்கிறோம், இறக்கத்தில் பின்னால் நகர்கிறோம், சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப்பக்கம் உடம்பைத் தொங்கவிடுகிறோம். பாறை வந்தால் எழுந்து நின்று முழங்காலில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறோம். 60 மைல் முடிந்து இறங்கும்போது வலது கட்டைவிரல் மரத்துப்போயிருக்கும், த்ராட்டிலை நாள் முழுக்க அமுக்கியது அந்த விரல்தானே. 40 வயதைத் தாண்டியபின் முழங்காலும் ராத்திரியில் பேச ஆரம்பித்தது. ஆனால் அந்தக் களைப்பில் ஒரு நிறைவு இருந்தது. தடத்தின் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும் என்பது போல.

சைடு பை சைடில் உடம்பை நகர்த்த வழியில்லை, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். சரிவில் வண்டி எப்படிச் சாய்கிறதோ அப்படியே நாமும் சாய வேண்டியதுதான். இதில் 50 அங்குல வண்டியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இருக்கை உயரம் அதே, அகலம் மட்டும் குறைவு என்பதால் பக்கச் சரிவில் இது பயமுறுத்தும். 64 அங்குல வண்டியில் போகும் நண்பர் பேசிக்கொண்டே தாண்டும் இடத்தில் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். கவிழப்போகிறது என்று தோன்றினால் கையை வெளியே நீட்டித் தாங்கப் பார்ப்பது மனித இயல்பு. அதைத்தான் செய்யவே கூடாது. கூண்டுக்கும் தரைக்கும் நடுவே கை போனால் நசுங்கிவிடும். ஸ்டீயரிங்கை இறக்கத்தின் பக்கம் திருப்பி, கையை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். கூண்டு இருந்தாலும் நாங்கள் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

இரண்டாவது கோடையில் டஷர் மலையில் பெல்ட் அறுந்தது. இருக்கை பெல்ட் இல்லை, இன்ஜினின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட். கிம்பர்லி என்ற, பழைய தங்கச்சுரங்கக்காரர்கள் விட்டுப்போன ஊர் இருந்த இடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தோம். செங்குத்தான கல்பாதை, மெதுவான வேகம், நான் ஹை கியரிலேயே இருந்தேன். முதலில் ரப்பர் கருகும் வாசம் வந்தது. மலைச்சரிவில் யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வெடிச் சத்தம், இன்ஜின் மட்டும் உறும, வண்டி நின்றுவிட்டது. கிளட்ச் மூடியைக் கழற்ற எட்டு போல்ட். உள்ளே கையை வைக்க முடியாத சூடு. அரை மணி நேரம் ஆறவிட்டு, கருகிய நூல்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்பேர் பெல்ட்டை மாட்டினேன். நல்லவேளை, இருக்கைக்கு அடியில் ஒன்று இருந்தது. அன்றிலிருந்து மணிக்கு 10 மைலுக்குக் கீழே போகும் ஏற்றம் என்றால் லோ கியர்தான். ஏடிவியிலும் இதே மாதிரி பெல்ட்தான், நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அறுந்ததில்லை. இழுக்க வேண்டிய எடை அதில் குறைவு. அந்த உயரத்தில் இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். 10,000 அடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

புழுதி பற்றிக் கடையில் யாரும் சொல்லவில்லை. முன்னால் முழு விண்ட்ஷீல்டு மாட்டினால் புழுதி வராது என்று நம்பி மாட்டினேன். முன்பக்கம் அடைபட்டதும் வண்டிக்குப் பின்னால் எழும் புழுதி சுழன்று உள்ளே வந்து எங்கள் கழுத்தில் இறங்கியது. பின்பக்கமும் ஒரு தடுப்பு போட்ட பிறகுதான் அடங்கியது. பாதி உயரக் கண்ணாடி போட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

திரும்புவது இன்னொரு விஷயம். ஆஸ்பென் மரங்கள் தடத்தின் குறுக்கே விழுந்து கிடப்பது இங்கே சாதாரணம். ஏடிவி என்றால் இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்தினால் திரும்பிவிடும். சைடு பை சைடில் ஒருமுறை மரம் அறுக்க முடியாத பருமனாக இருந்தது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்சுவர். கால் மைல் ரிவர்ஸிலேயே வந்தேன், மனைவி இறங்கி முன்னால் நடந்து வழி சொன்னாள். யூட்டாவிலேயே மோவாப் என்ற ஊர்ப் பக்கம் ஹெல்ஸ் ரெவெஞ்ச் மாதிரி திறந்த பாறைத்தடத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே செங்குத்தான மணற்பாறையில் ஏற, தாழ்வாக உட்கார்ந்து பெல்ட்டோடு இருப்பது ஏடிவியைவிட எவ்வளவோ தைரியம் தந்தது. மோவாபுக்கு மட்டும்தான் போவேன் என்பவர் யோசிக்காமல் சைடு பை சைடு, அதிலும் அகலமானது வாங்கலாம்.

இனி நான் தப்புக்கணக்கு போட்ட இடம். சைடு பை சைடு வாங்கியதே குடும்பத்துக்காக. ஒற்றை ஆள் ஏடிவியில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, நானும் ஏற்றியதில்லை. பக்கத்து இருக்கையில் மனைவி உட்கார்ந்தால் பேசிக்கொண்டே போகலாம் என்று ஆசை. இருக்கைக்குப் பின்னாலேயே இன்ஜின் இருப்பதால், ஹெல்மெட்டோடு பேச்சே கேட்காது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. முதுகை இருக்கையில் ஒட்டி உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும், கைப்பிடி எட்ட வேண்டும் என்பது விதி. அவள் பாதம் மூன்று அங்குலம் அந்தரத்தில் நின்றது. ஒரு வருடம் காத்திருந்தோம். அழுதாள், ஆனாலும் ஏற்றவில்லை.

மனைவிதான் ஒரு கோடை முழுக்க என் பக்கத்தில் வந்தாள். ஸ்டீயரிங் என் கையில் இருப்பதால் அடுத்த குலுக்கல் எப்போது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. வளைவு வளைவாகத் தலை ஆடி, மதியத்துக்குள் குமட்டல் வந்துவிடும். ஒருநாள் புல்லியன் கேன்யனில் சாப்பிட நிறுத்தியபோது சொன்னாள்: "எனக்குப் பக்கத்து சீட் வேண்டாங்க. நீங்க வித்தீங்களே, அந்த வண்டி மாதிரி ஒண்ணு எனக்கு வாங்குங்க."

நான்கு வருடம் அவள் வீட்டில் இருந்ததற்குக் காரணம் ஏடிவியின் மேல் பயம் என்று நானாக நினைத்திருந்தேன். ஒருமுறைகூடக் கேட்கவில்லை. யூட்டாவில் 2023 முதல் பெரியவர்களும் பாதுகாப்புப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். இணையத்திலேயே இருக்கிறது. அதை முடித்துவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் ஒரு சமவெளியில் இரண்டு வாரம் பழகினாள். அவளுக்காக 420 சிசியில் சின்ன ஏடிவி ஒன்றை வாங்கினோம். என்னுடைய பழையதைவிட எடை குறைவு, அவள் உயரத்துக்குக் கால் நன்றாக எட்டுகிறது.

ஆகவே இப்போது வீட்டில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? தனியாகவோ, ஆளுக்கொரு வண்டியுள்ள நண்பர்களோடோ காட்டுத்தடத்தில் போகிறவருக்கு ஏடிவி. பாதம் தரையில் பதியும் அளவு வளர்ந்த பிள்ளை, வயதான அம்மா, முதுகுவலி என்று ஏதாவது இருந்தால் சைடு பை சைடு. துணைவியைக் கூட்டிப்போகத்தான் என்றால், வாங்கும் முன் ஒருநாள் இரண்டையும் வாடகைக்கு எடுத்து, இரண்டையும் அவரையே ஓட்டச் சொல்லுங்கள். வாடகை அதிகம்தான், நான் செலவழித்ததோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

போன வசந்தத்தில் என் வண்டியின் அகலச் சக்கரங்களைக் கழற்றி, கம்பெனி அளவில் வாங்கி மாட்டினேன். டயரின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு மூன்று முறை அளந்தேன். 50. ஜூலையில் மேலே பனி கரைந்ததும் மூன்று பேரும் அந்தக் கம்பங்களுக்குப் போனோம். மனைவி வேகத்தைக்கூடக் குறைக்காமல் நுழைந்தாள். நான் நிறுத்தி, மகளை இறக்கி அந்தப் பக்கம் நிற்கவைத்து, அவள் கையசைக்க அசைக்க அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டேன்.