ஹோண்டா ஜிஎக்ஸ்35 பிரஷ் கட்டர்: சும்மா கிடக்கும் மாதங்களைத் தாங்குமா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் பிரஷ் கட்டருக்கு வேலை ஐப்பசி மழையில் சூடுபிடித்து, தையோடு அடங்கிவிடும். பிறகு பல மாதம் கொட்டகைதான். அதனால் புல்லை எப்படி வெட்டுகிறது என்பதைவிட, கோடை முடிந்து கயிற்றை இழுத்தால் கிளம்புமா என்பதுதான் வாங்குகிறவர் கேட்கவேண்டிய கேள்வி. 35.8 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினான இது கிளம்பும். பெட்ரோலோடு போட்டு வைக்காமல் இருந்தால்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டரில் நின்றது ஆவியாகி, பிசின் போன்ற கசடு பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை அடைக்கும், டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் விறைத்துப்போகும். சோக் போட்டால் ஓடி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைகிற மிஷினுக்குப் பெரும்பாலும் இதுதான் நோய்.

டேங்கை வடித்துவிட்டு, ரப்பர் பல்பைப் பலமுறை அமுக்குங்கள். கார்புரேட்டரில் நிற்பது டேங்குக்கே திரும்பும், அதையும் வடியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை விடவும். இதில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்போலப் பெட்ரோலில் 2டி ஆயில் கலப்பதில்லை என்பதால், வடித்த பெட்ரோல் புதிதாக இருந்தால் பைக்கில் ஊற்றிவிடலாம். டூ ஸ்ட்ரோக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் அவர்களுக்கு வேறொரு லாபம் உண்டு: பெட்ரோலில் கலந்த எண்ணெயே சிலிண்டரில் பூச்சாக நிற்கும். இங்கே நாம்தான் பூசவேண்டும். பிளக்கைக் கழற்றி, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை நிதானமாகச் சிலமுறை இழுங்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.க்குள் இருக்கிறதா பார்த்து மாட்டி, கயிறு இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது.

எனக்கு இதில் பிடிக்காதது ஆயில் அளவு. கொள்வது வெறும் 100 மில்லி, 10டபிள்யூ-30 ரக எஞ்சின் ஆயில். கை தவறிக் கூடினால் புகை, ஏர் ஃபில்டரெல்லாம் எண்ணெய். மெடிக்கலில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி அளந்து ஊற்றுங்கள். பழைய ஆயிலை எஞ்சின் சூடாக இருக்கையிலேயே மாற்றவும். கரியும் அமிலமும் கலந்த அது மாதக்கணக்கில் உள்ளே நிற்கக்கூடாது.

பிளேடு பக்கக் கியர் பெட்டிக்குக் கிரீஸ், காப்புத் தகட்டின் அடியில் காய்ந்த பார்த்தீனியச் சக்கையைச் சுரண்டல், அவ்வளவுதான். தரையில் மட்டும் போடாதீர்கள். பெட்ரோல் குழாயை எலி கடித்துவிடும்.