கிளிநொச்சிப் பக்கம் மூட்டுநோவுக்கு ‘மூலிகைக் குளிசை’ வாங்குபவர்கள் கவனம்

16,500 ரூபாய். போத்தல் ஒன்று 5,500 படி மூன்று போத்தல். அம்மா உழுந்து விற்றுச் சேர்த்து வைத்திருந்த காசு. இன்று காலை அந்த மருந்துக்கடைக்காரர் என் முகத்துக்கு நேரே “இதை நாங்கள் விற்கவே இல்லை” என்கிறார். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். எழுத்தில் மரியாதை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. ஏ9 வீதியோரம், கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, உள்ளே வெள்ளை அங்கி போட்ட ஒருவர். அப்படியான கடைகள் பல இருக்கின்றன, எல்லோரையும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. பிரசருக்கு மாதாமாதம் வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். முழங்கால் நோவுக்கு அங்கே கொடுத்தது பரசிற்றமோலும் பூசுகிற களிம்பும். வயலுக்குள் இறங்கி ஏறுகிற உடம்புக்கு அது போதவில்லை. அதனால்தான் வெளியே கேட்டுப் பார்ப்போம் என்று அந்தக் கடைக்குள் போனோம்.

போனதும் அந்த மனிதர் கதிரையை இழுத்துப் போட்டார். “எந்த முழங்கால் அம்மா?” என்று குனிந்து கேட்டார். காசு வாங்காமல் பிரசர் பார்த்தார். போகிற இடமெல்லாம் வரிசையில் நின்றே பழகிய சனம் நாங்கள். ஒருவர் ‘அம்மா’ என்று கூப்பிட்டுக் கதிரை போட்டால் மனம் இளகாதா? அம்மாவின் முகம் அங்கேயே மலர்ந்துவிட்டது. அந்தக் கதிரைக்குத்தான் நாங்கள் 16,500 கொடுத்திருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது.

பிரசர் மருந்து குடிக்கிறார் என்று தெளிவாகச் சொன்னேன். “இது முழுக்க மூலிகை, பக்கவிளைவு ஒன்றும் கிடையாது. என் மாமிக்கும் இதைத்தான் கொடுக்கிறேன்” என்றார். வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல். பச்சை இலை போட்ட லேபல், அதன் ஓரம் கிளம்பி, அடியில் வேறொரு லேபலின் நீல எழுத்து தெரிந்தது. செய்தவரின் முகவரி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும். காலாவதித் திகதி எங்கே என்று கேட்டேன். “மூலிகைக்கு அது தேவையில்லை.” கடையில் விற்கிற அரிசிமாப் பைக்கே திகதி அடிக்கிறார்கள்! மூன்றையும் சேர்த்து எடுத்தால்தான் பலன் என்று பைக்குள் வைத்தும் விட்டார்.

இரண்டே நாளில் நோ போய்விட்டது. அம்மா விறுவிறுவென்று கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடந்தார். வாயாரப் புகழ்ந்து பக்கத்து வீட்டு மாமிக்கும் சொன்னார். பிறகு முகம் ஊதியது. உடம்பு தேறிவிட்டது என்று ஊரே சொன்னது. இரவில் நித்திரை இல்லை, ஓயாத பசி, அடிக்கடி தாகம்.

கிளினிக்கில் பார்த்தபோது பிரசர் ஏறியிருந்தது. ஒருநாளும் இல்லாத சீனி வருத்தமும் வந்திருந்தது. வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே “வெளியே ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?” என்பதுதான். போத்தலைக் காட்டினேன். ஆய்வுகூடத்தில் பார்க்காமல் உள்ளே என்ன என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் ‘மூலிகை’ என்று விற்கப்படும் இப்படியான மூட்டுநோ மருந்துகளில் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்டுகளையும் டைக்ளோபினாக் போன்ற நோக்கொல்லிகளையும் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட விடயமாம். ஸ்டீரொய்டு நோவை அமுக்கும்; கூடவே சீனியையும் பிரசரையும் ஏற்றும், முகத்தை ஊத வைக்கும். நோக்கொல்லி வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வவுனியாவில் சிறுநீரக நோயாளிகள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் சொன்னார். கோபத்தில் போத்தலை எறிந்துவிட்டு உடனே நிறுத்தவும் கூடாதாம். ஸ்டீரொய்டை வாரக்கணக்கில் எடுத்த உடம்பு, தானே இயற்கையாகச் சுரக்கும் ஸ்டீரொய்டைக் குறைத்துவிடும். திடீரென்று விட்டால் மயக்கம், இரத்த அழுத்தம் விழுதல் என்று ஆபத்து வரும். இப்போது வைத்தியர் தானே அளந்து குளிசை கொடுத்து மெல்ல மெல்லக் குறைக்கிறார்.

கடைக்குப் போனேன். முதலில் அங்கிருந்த பிள்ளை “ஐயா வெளியே போய்விட்டார்” என்றது. தொலைபேசியில் எடுத்தால் “கூட்டத்தில் இருக்கிறேன்”. பிறகு “அம்மா சோற்றைக் குறைக்கட்டும், சீனி தன்னால் இறங்கும்”. பிறகு “கம்பனிக்காரரிடம் கேளுங்கள்”. லேபலில் இருந்த இலக்கம் வேலை செய்யவில்லை. கடைசியாக இன்று, அவரே கிழித்து எழுதித் தந்த துண்டைக் காட்டினேன். அதில் ‘16,500’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “இது எங்கள் பற்றுச்சீட்டு இல்லையே தங்கச்சி” என்று திருப்பித் தந்தார். தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே! 16,500 ரூபாய்க்கு ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

கடை மருந்தைப் பார்த்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். அம்மாவுக்கு மருந்து நேரம், அதனால் சுருக்கமாக.

பெயரும் காலாவதித் திகதியும் இல்லாத எந்தக் குளிசையையும் வாங்காதீர்கள். கடதாசி உறையில் எண்ணிப் போட்டுத் தந்தாலும் பெயரை எழுதுவித்து வாங்குங்கள். பற்றுச்சீட்டில் மருந்தின் பெயர் இருக்க வேண்டும். பதிவுபெற்ற மருந்தாளர் யார் என்று கேளுங்கள். வெள்ளை அங்கி போட்டவரெல்லாம் மருந்தாளர் இல்லை. பனடோல் குடிப்பவர்கள் தடிமன் குளிசையையும் சேர்த்து எடுக்க முன் உறையை வாசியுங்கள், பலவற்றில் அதே பரசிற்றமோல்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. மாரிக் காய்ச்சலுக்கு, டெங்கு இல்லை என்று தெரியும்வரை, இபுபுரோபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடப் போகிறேன். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கும் எழுதுவேன். இலை போட்ட அந்தப் போத்தல் உங்கள் வீட்டிலும் இருந்தால் கொட்டிவிடாதீர்கள், அப்படியே எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். பக்கத்து வீட்டு மாமியும் ஒன்று வாங்கியிருக்கிறாராம், இப்போதுதான் சொன்னார்.