கராத்தேவா, ஜியு-ஜிட்சுவா? வேலையும் குழந்தையும் இருப்பவரின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கராத்தே கட்சி. எதிராளியைத் தரையில் கட்டிப் பிடித்து மடக்கும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் 14 மாதம் புரண்டு எழுந்து, தொடக்க நிலையான வெள்ளை பெல்ட்டில் இரண்டு பட்டை வாங்கியதோடு கழன்றுகொண்டு, இப்போது மூன்றாவது வருடமாக ஷோட்டோகான் என்ற பாணிக் கராத்தே போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு முழுநேர அலுவலக வேலை, கணவருக்கு மாறி மாறி ஷிஃப்ட், ஆறு வயதில் ஒரு பெண். இதெல்லாம் இல்லாத இருபது வயதுக்காரர் யாராவது இதைப் படித்தால், என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, தாராளமாக ஜியு-ஜிட்சுவுக்கே போங்கள்.

உடம்பு இறுகும், தம் கூடும், மனசு லேசாகும் என்பதெல்லாம் இரண்டிலும் உண்டு. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை, எதில் சேர்ந்தாலும் இரண்டு கிளாசில் முடித்துவிடலாம். தற்காப்பு என்று கேட்டால் ஜியு-ஜிட்சு ஒரு படி மேலே என்றுதான் சொல்வேன், ஏனென்றால் எதிராளி முழுப் பலத்தோடு முரண்டு பிடிக்கும்போது நமக்கு என்ன வரும், என்ன வராது என்பது அங்கே முதல் வாரமே தெரிந்துவிடும். எங்கள் கராத்தே ஸ்பாரிங்கில், அதாவது ஜோடியாகச் செய்யும் சண்டைப் பயிற்சியில், அடியை உடம்புக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுகிறோம். அதனால் நமக்கு எல்லாம் வரும் என்ற பிரமை வளர்வதற்கு நிறைய இடம் இருக்கிறது. இதை நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் என் நிலைமையில் இருப்பவர் கேட்க வேண்டியது வேறு கேள்வி. கிளாசுக்குப் போக முடியாத வாரத்தில் இந்தக் கலை என்ன ஆகிறது?

போக முடியாத வாரம் எப்போதாவது வருவது என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். பின்னால் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தபோது 14 மாதத்தில் சராசரி வாரத்துக்கு ஒன்றேகால் நாள்தான் தேறியது. குழந்தைக்குக் காய்ச்சல், வருடக் கடைசியில் கணக்கு முடிப்பு, கணவருக்கு இரவு ஷிஃப்ட், ஆறரை மணிக்கு "ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாமா" என்று கூப்பிடும் மேலாளர். இதில் எதையும் யார் மேலும் தப்பாகச் சொல்ல முடியாது. போக முடிந்த வாரங்களைத்தான் விதிவிலக்கு என்று சொல்ல வேண்டும்.

ஜியு-ஜிட்சுவுக்கு இன்னொரு உடம்பு வேண்டும், அதுதான் சிக்கல். தனியாகச் செய்யும் டிரில்கள் உண்டு, இல்லாமல் இல்லை. ஹாலில் இறால் மாதிரி இடுப்பை வளைத்து வளைத்து நகரும் ஷ்ரிம்பிங்கை நானும் செய்திருக்கிறேன். பெரிய தலையணையை நடுவில் கயிறு போட்டுக் கட்டி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து எதிராளியின் கையை நீட்டிப் பூட்டும் ஆர்ம்பார் கூடப் போட்டுப் பார்த்தேன். தலையணை முரண்டு பிடிக்காது, பிடியை உருவிக்கொண்டு ஓடாது, அதன் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணரவும் முடியாது. இந்தக் கலையின் உயிரே அந்த எடை சாய்வதை உணர்வதில்தான் இருக்கிறது. அதிலும் நான் 52 கிலோ. வகுப்பில் என் எடைக்குக் கிட்டத்தட்ட ஒத்த பெண் இன்னும் ஒருத்திதான், அவளுக்கும் வேலை, வீடு. இருவரும் ஒரே நாளில் வருவது மாதத்தில் மூன்று தடவை நடந்தால் அதிகம். மற்ற நாட்களில் 80 கிலோ ஆள் "மெதுவாத்தான் ரோல் பண்றேன்" என்று (ரோல் என்றால் அங்கே பயிற்சிச் சண்டை) சொல்லிக்கொண்டே மேலே உட்காருவார். மெதுவாகத்தான் செய்தார், பாவம், ஆனாலும் 80 கிலோ 80 கிலோதான்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போனால், எனக்குப் பின்னால் சேர்ந்தவரிடம் ஐந்து நிமிடத்தில் நான்கு தடவை டேப் செய்ய, அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள, வேண்டியிருக்கும். அந்த அவமானத்தைக்கூட விழுங்கிக்கொள்ளலாம். தூக்கம் கெட்டு, பழக்கம் விட்டுப்போன உடம்போடு முழு எதிர்ப்புக்கு நடுவே போய் விழுவதில்தான் அடி படுகிறது. எனக்கு விலாவில் பட்டது. ஒரு மாதம் குழந்தையைத் தூக்க முடியவில்லை, தும்மினால் கண்ணீர் வந்தது. இரண்டு வயதுக் குழந்தை கையை நீட்டிக்கொண்டு நிற்க, அம்மா குனிய மாட்டேன் என்கிறாள் என்றால் அதற்கு எப்படிப் புரியவைப்பது?

அப்புறம் படர்தாமரை. மேட் விரிப்பில் உருளும் கலைகளில் இது சகஜம், கிளாஸ் முடிந்ததும் குளித்து, கீ என்று சொல்லும் அந்தத் தடித்த அங்கியை அன்றைக்கே துவைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நான் ஒரு நாள் அலுப்பில் பையிலேயே விட்டுவிட்டேன். என் கழுத்தில் வட்டமாக வந்தது, பத்து நாளில் மகளின் முழங்கையிலும் வந்தது. வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. கணவர் டாக்டர் கொடுத்த களிம்பைக் குழந்தைக்குத் தடவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். நான் கிளாசை விட்டதற்கு விலாவைவிட அந்தப் பார்வைதான் காரணமோ என்று இப்போதும் சந்தேகம் உண்டு.

இனி என் கட்சிக்கு வருகிறேன். கராத்தேயில் கட்டா இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமைந்த அசைவுகள், தனி ஆளாகச் செய்ய வேண்டியவை. தொடக்க நிலையில் கற்றுக்கொடுக்கும் ஐந்து ஹெய்யான் கட்டாக்களை ஒகினாவாவின் கராத்தே ஆசிரியர் இதோசு அன்கோ பள்ளி மாணவர்களை மனதில் வைத்து அமைத்தார். முதலாவதான ஹெய்யான் ஷோடானில் 21 அசைவுகள், செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பத்து மணிக்கு மகள் தூங்கியதும், வாஷிங் மெஷின் ஓடி முடிகிறவரை, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நடையில் நான்கைந்து தடவை செய்துவிடுவேன். 270 டிகிரி திரும்பும் இடத்தில் சரியாகப் பீரோ வந்து நிற்கும், அங்கே ஒரு அடி பின்வாங்கி விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான். தெக்கி கட்டாவுக்கு அந்தத் தொல்லையும் இல்லை, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நின்றுகொண்டு பக்கவாட்டில் மட்டும் நகர்வது, சுவரோரமாகவே முடித்துவிடலாம்.

ஷோட்டோகானை உருவாக்கிய ஃபுனகோஷி கிச்சினே பள்ளிக்கூட வாத்தியார்தான். பகலில் பாடம் நடத்திவிட்டு, இரவில் ஆசிரியர் அசாட்டோவின் வீட்டு முற்றத்தில் ஒரே கட்டாவை மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்திருக்கிறார். 1922-இல் டோக்கியோவுக்கு வரும்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. வேலை முடிந்து, எல்லோரும் அடங்கிய பிறகு, சின்ன இடத்தில், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது இந்தக் கலைக்குப் புதிதில்லை.

இதனால் நடந்தது என்னவென்றால், போன வருடம் அலுவலக வேலையால் ஆறு வாரம் கிளாஸ் பக்கமே போகவில்லை. திரும்பிப் போனபோது மூச்சு வாங்கியது, ஸ்பாரிங்கில் டைமிங் சுத்தமாகப் போயிருந்தது, ஆனால் கற்றது கையில் இருந்தது. இன்னொன்று, மகள் பார்த்துப் பார்த்துப் பாதி கட்டாவைக் கற்றுக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நடுவில் தடுமாறி நின்றபோது சோபாவில் இருந்தபடியே "அம்மா, எடது கை" என்றாள். பயிற்சி நேரம் வேறு, குழந்தையோடு இருக்கும் நேரம் வேறு என்று மணிக்கணக்கைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விடுதலை.

இதிலும் ஓட்டை உண்டு. வீட்டில் தனியாகச் செய்தால் தப்பும் சேர்ந்து பழகிப்போகும். முன்காலை மடக்கி நிற்கும் ஸென்குட்ஸு நிலையில் என் பின்கால் குதிகால் தரையைவிட்டு எழும்புகிறது என்று மூன்று மாதம் எனக்கே தெரியாது. சென்செய் (எங்கள் ஆசிரியர்) ஒரு வார்த்தை பேசாமல் வந்து என் குதிகாலுக்கு அடியில் பெல்ட் நுனியை நுழைத்துக் காட்டினார். அதைத் திருத்த இன்னும் மூன்று மாதம் பிடித்தது. ஆகவே வாரம் ஒரு கிளாசாவது கட்டாயம் என்று வைத்திருக்கிறேன், முடிந்தால் இரண்டு. ஒரு கிளாஸ் என்பது ஒன்றரை மணி நேரம் என்று சொல்வார்கள், போக வர, குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்தால் மூன்று மணி. வாரம் மூன்று கிளாஸ் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு வீட்டில் இன்னொருவர் தலையில் சுமையை வைக்கிறோம். வாரம் ஒன்று, வீட்டில் நான்கு நாள் கால் மணி நேரம் என்றால் நான்கு மணியில் முடிந்துவிடுகிறது, அதிலும் ஒரு மணி நேரம் வீட்டிலேயே இருக்கிறேன்.

பெல்ட் விஷயத்தில் ஜியு-ஜிட்சுவே நிதானம். அவர்களுடைய சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி பொதுவாக நீல பெல்ட்டில் குறைந்தது 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் 1 ஆண்டு இருக்க வேண்டும், நடைமுறையில் கறுப்புக்குப் பத்து வருடம் பிடிக்கும். அதனால் அங்கே யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை, பல இடங்களில் தேர்வு என்றே தனியாக எதுவும் கிடையாது. கராத்தேயில் தேர்வுத் தேதி என்று ஒன்று வந்து நிற்கும், அது எப்போதும் அலுவலக நெருக்கடியோடு மோதும்.

ஜூடோவுக்கு இரண்டே நாள்தான் போனேன், அதனால் அதிகம் பேச மாட்டேன். 1882-இல் அதைத் தொடங்கிய கானோ ஜிகோரோவும் கல்வித் துறைக்காரர்தான். எறியும் அசைவுகளைத் தனியாகப் பழக, தூணில் ரப்பர் பட்டை கட்டி இழுக்கும் வழி இருக்கிறது. ஆனால் விழுவதற்கு மேட் வேண்டும், எறிவதற்கு ஆள் வேண்டும். குத்துச்சண்டை, முய்தாய் இரண்டும் பார்த்ததோடு சரி. முழங்காலும் இடுப்பும் கராத்தேயை இருபது வருடம் தாங்குமா என்பதற்கு என் மூன்று வருடம் சாட்சி சொல்லாது.

கணவனும் மனைவியும் சேர்ந்தே கற்றுக்கொள்பவர்களாக இருந்தாலோ, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே விடிகாலை வகுப்பு இருந்தாலோ நான் மேலே சொன்னதில் பாதி அடிபட்டுப்போகும். அப்படி வாய்த்திருந்தால் நானே ஜியு-ஜிட்சுவை விட்டு வந்திருக்க மாட்டேன். அந்த ரோலிங்கில் ஐந்து நிமிடம் வேறு எந்த நினைப்பும் தலைக்குள் நுழையாது, அது கட்டாவில் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

அடுத்த மாதம் பச்சை பெல்ட் தேர்வு. அதே சனிக்கிழமை அலுவலகத்தில் ஆடிட். சென்செய்யிடம் இன்னும் சொல்லவில்லை. பீரோவை மட்டும் ஒன்றரை அடி நகர்த்தி வைத்திருக்கிறேன்.