சேப்பாக்கத்தின் இரண்டு இன்னிங்ஸ்: ஜோன்ஸின் 210, சச்சினின் 136

25 வருஷத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் தீராத வழக்கு இது: இந்த இரண்டில் எது பெரிய ஆட்டம்? 1986 செப்டம்பரில் பெரியப்பா மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட்டில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த 210-ஐ நேரில் பார்த்தவர். நான் 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, டவுன் ஹால் ரோட்டில் ஒரு டிவி கடை வாசலில் நின்றபடி, அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக சச்சின் அடித்த 136-ஐப் பார்த்தவன்.

பெரியப்பாவின் வாதம் முழுக்க வெயில்தான். நம்ம ஊர் வெயில் சுடும், ஆனால் நிழலில் ஒதுங்கினால் தப்பிக்கலாம். கடற்கரைப் புழுக்கத்துக்கு நிழலும் கிடையாது. "அந்த வெக்கையில அங்கிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து பாருடா, அப்பத் தெரியும்" என்பார். ஜோன்ஸ் அதில் 502 நிமிடம் ஆடினார். அது அவருக்கு மூன்றாவது டெஸ்ட்தான். மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். முடியவில்லை, போகிறேன் என்றதும் கேப்டன் பார்டர், சரி, குயின்ஸ்லாந்துக்காரன் ஒருத்தனைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி ரோஷத்தைக் கிளப்பிவிட்டார். வேறு மாநிலமான விக்டோரியாவைச் சேர்ந்த ஜோன்ஸ் தொடர்ந்து ஆடினார். ஆட்டமிழந்த பிறகு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த மேட்ச் 'டை' ஆனது, அதாவது இரண்டு அணியும் சம ரன்னில் முடித்தன. டெஸ்ட் வரலாற்றில் இன்றுவரை இரண்டே இரண்டு டை. அதில் ஒன்று இது.

உடம்பை வருத்தியதுதான் கணக்கு என்றால் பெரியப்பா சொல்வது சரி. ஆனால் அதே முதல் இன்னிங்ஸில் பூன் 122, பார்டர் 106 அடித்தார்கள். ஸ்கோர் 574. அந்தப் பிட்ச் பேட்ஸ்மேனுக்கு எதிரியாக இல்லை.

சச்சினுக்கு எல்லாமே எதிரி. நான்காவது இன்னிங்ஸ், இலக்கு 271, எதிரே பந்துவீச வாசிம், வக்கார், சக்லைன். முதல் இன்னிங்ஸில் அவரைப் பூஜ்யத்தில் அனுப்பியவரே இந்த சக்லைன்தான். 82 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு மோங்கியாவுடன் சேர்ந்து 136 ரன் சேர்த்தார். முதுகுவலியில் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் நிமிர்ந்து அடுத்த பந்துக்கு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. வலி கூடக்கூட அடித்து முடித்துவிடப் பார்த்தார். 17 ரன் பாக்கி இருக்கும்போது சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார், வாசிம் பிடித்துவிட்டார். அப்புறம் நாலே ரன்னில் மூன்று விக்கெட். 12 ரன்னில் தோல்வி.

"ஜெயிக்க வைக்காத ஆட்டம் என்னடா பெரிய ஆட்டம்?" என்று பெரியப்பா இங்கேதான் மடக்குவார். ஜோன்ஸும் ஜெயிக்க வைக்கவில்லையே என்பேன். ஆனால் என் உண்மையான பதில் அது இல்லை. பந்து திரும்புகிற பிட்ச்சில், அந்த மூன்று பேருக்கு எதிராக, பாதி அணி போன பிறகு அப்படி ஆட முடிந்ததே பெரிது. அதனால் என் ஓட்டு 136-க்குத்தான்.

அன்று பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கமே எழுந்து நின்று கைதட்டியது. டிவி கடை வாசலில் நாங்கள் யாரும் பேசவில்லை; கடைக்காரரும் டிவியை அணைக்கவில்லை. சரியாக ஒரு வாரம் கழித்து டெல்லியில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தார். தெருவே வெடி வெடித்தது. எனக்கு மட்டும் அந்த 12 ரன்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.