கிடாய்க்கு மாட்டும் வண்ணப் பட்டை: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

வெள்ளக்கோவில் பக்கம் விசைத்தறிக்கூடத்தில் எனக்கு இரவு ஷிப்ட். வீட்டில் பதினான்கு வெள்ளாடுகளும், கன்னிவாடிச் சந்தையில் வாங்கிய ஒரு கிடாயும் இருக்கின்றன. எந்த ஆடு எந்த இரவில் கிடாய்க்குக் கத்தியது என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். எந்த நேரத்தில் சினை பிடித்தது என்று தெரியாமல், மார்கழிப் பனியில் விடியற்காலை திடீரென்று குட்டி ஈன்று, இரண்டு குட்டிகள் விறைத்துச் செத்துப்போயின. அதன்பிறகுதான் இந்தப் பட்டையைப் போன பங்குனியில் இணையத்தில் வாங்கினேன். விலை 2,400 ரூபாய்.

பொருள் எளிமையானது. நைலான் வார்களைக் கிடாயின் தோள்களுக்குக் குறுக்கே மாட்டினால் நெஞ்சுக்கு நேராக ஒரு மெழுகுக் கட்டி நிற்கும். கிடாய் ஏறும்போது ஆட்டின் இடுப்பில் நிறம் தேய்ந்துவிடும். காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, எந்த ஆட்டில் சிவப்பு இருக்கிறது என்று பார்த்து நாட்காட்டியில் எழுதினால் போதும்.

முதல் வாரம் எரிச்சல்தான் மிச்சம். கட்டி வெண்ணெய் போல இளகி, பட்டியில் படுத்துக் கிடந்த ஆடுகளின் விலா, காது, என் அம்மாவின் முந்தானை வரை எல்லாம் சிவப்பு. பிறகுதான் தெரிந்தது, இந்தக் கட்டிகள் குளிருக்கு, மிதமான வானிலைக்கு, வெயிலுக்கு என மூன்று வகையாக வருகின்றன. விற்றவர் கேட்காமலே குளிருக்கானதை அனுப்பியிருந்தார். கொங்கு நாட்டுப் பங்குனி வெயிலுக்கு அது தாங்குமா? வெயில் வகையைத் தனியாக வாங்கிய பிறகு சரியானது. வாங்குவோர் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த குறை நிறத்தில். என் ஆடுகளில் பாதிக்கு மேல் கருப்பு. நீலக் கட்டி அவற்றின் மேல் கண்ணுக்கே தெரியாது. செம்மண் நிற ஆடுகளில் சிவப்பு தெரியாது. மஞ்சள் மட்டும்தான் எல்லா ஆட்டிலும் தெரிந்தது.

கிடாயை ஒரு மாதம் மாமா தோட்டத்தில் கட்டிவைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். வாரக்கணக்கில் கிடாய் வாசமே இல்லாமல் இருந்த ஆடுகள் புதிதாகக் கிடாயைக் கண்டால் சேர்ந்தாற்போலப் பருவத்துக்கு, அதாவது சினை பிடிக்கும் நிலைக்கு, வரும். முதல் பத்து நாளில் ஒன்பது ஆடுகளில் நிறம் விழுந்தது. அடுத்து மூன்று. மற்ற இரண்டில் ஒன்று ஏற்கெனவே சினை. இன்னொன்று மெலிந்து கிடந்ததால் கம்பும் புண்ணாக்கும் கூடுதலாக வைத்தேன், பிறகு அதுவும் வந்தது.

என் அம்மாவுக்கு மட்டும் இந்தப் பட்டை மேல் மரியாதை வரவில்லை. அவருக்கு எப்போதும் வால்தான் கணக்கு. பருவத்துக்கு வந்த ஆடு வாலை விடாமல் ஆட்டும், அடிக்கடி சிறுநீர் விடும், தீவனத்தில் மனம் வைக்காது, மற்ற ஆட்டின் மேல் தாவும், பின்பக்கம் சிவந்து தடித்திருக்கும். பின்பக்கம் ஒழுகும் வழும்பு முதலில் கண்ணாடி போலத் தெளிவாக வரும். பிறகு கஞ்சி போலக் கலங்கும். கலங்குகிற நேரத்தில் சேர்ப்பதுதான் அம்மாவின் வழக்கம். பருவம் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும் என்பதால் காலையில் கண்டால் மாலையிலும், மறுநாள் காலையிலும் சேர்ப்பார்.

“கிடாய் ஏறியதைத்தான் இது சொல்லும் சாமி, ஆடு நின்று கொடுத்ததா என்று சொல்லுமா?” என்று அவர் கேட்டார். கேள்வி சரியானதுதான். குறுகிய கொட்டகையில் ஓட வழியில்லாமல் மாட்டிக்கொண்ட ஓர் இளங்குட்டியின் மேலும் நிறம் இருந்தது. அதன் பின்பக்கம் காய்ந்து கிடந்தது, வாலும் அசையவில்லை. அதை நாட்காட்டியிலிருந்து அடித்துவிட்டேன். ஆனால் பட்டைக்கும் ஒரு வெற்றி உண்டு. கத்தவும் இல்லை, வாலாட்டவும் இல்லை, அம்மாவே “இது ஊமை” என்று விட்டுவிட்ட காதறுந்த ஆட்டின் இடுப்பில் ஒரு நாள் பளிச்சென்று மஞ்சள். அது இரட்டைக் குட்டி போட்டது.

போட்ட பணத்துக்கு எனக்குப் பலன் கிடைத்தது இரண்டாவது கட்டியில்தான். பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை திரும்பும். அதனால் மூன்று வாரம் முடிந்ததும் கட்டியின் நிறத்தை மாற்றினேன். ஏற்கெனவே குறி விழுந்த மூன்று ஆடுகளில் புது நிறம் தெரிந்தது. அவை முதல் சேர்க்கையில் சினை பிடிக்கவில்லை. இதை வெறுங்கண்ணால் நான் கண்டுபிடித்திருக்க முடியாது. மற்ற ஒன்பதும் நான் சினைக்காலம் 150 நாள் கூட்டி எழுதிவைத்த தேதிக்கு நான்கைந்து நாள் முன்பின்னாக ஈன்றன. அந்த இரவுகளில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

வார் உராய்ந்து கிடாயின் நெஞ்சுத் தோல் இருமுறை உரிந்தது. பெரிய செம்மறிக் கிடாய்க்குத் தைத்த அளவு போலிருக்கிறது. பழைய பருத்தித் துணியை உள்பக்கம் வைத்துத் தைத்தேன், வேப்பெண்ணெய் தடவினேன், ஆறிவிட்டது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வாரைத் தளர்த்திப் பார்க்காதவர்கள் வாங்கவே வேண்டாம். மூன்று நான்கு ஆடு வைத்துப் பகலெல்லாம் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காட்டில்) கூடவே மேய்ப்பவர்களுக்கும் இது தேவையில்லை, கண் போதும்.

பட்டை இப்போது எரவாணத்தில் தொங்குகிறது. தை பிறந்ததும் மாட்டுவேன். அதற்குள் மஞ்சள் கட்டி இரண்டு வாங்க வேண்டும், வெயில் வகை.