போனைத் துருவுவதா, பிள்ளையிடம் கேட்பதா?

பதினைந்து வயது மகள் எதையோ மறைக்கிறாள் என்று தெரிந்தால் நமக்கு இரண்டு வழி. அவள் தூங்கும்போது போனை எடுத்துப் பார்ப்பது. அல்லது அவளிடமே கேட்பது.

முதல் வழியில் உடனே விடை கிடைக்கும் என்று நானும் நினைத்தேன். ஆனால் வாட்ஸ்அப்பில் 2023 முதலே சாட் லாக் இருக்கிறது. பூட்டிய உரையாடல் வழக்கமான பட்டியலில் தெரியாது. செய்திகள் 24 மணி நேரத்தில் தானாக மறையும்படியும் வைக்கலாம். நான் துருவியதில் கிடைத்தது டியூஷன் நோட்ஸ் படங்களும் மீம்களும்தான். மறுநாளே பாஸ்வேர்டு மாறிவிட்டது. எப்படித்தான் கண்டுபிடித்தாளோ!

கேட்பது மெதுவான வழி. அதிலும் "உட்காரு, பேசணும்" என்று எதிரே உட்காரவைத்தால் வாயே திறக்கமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். நான் எதுவும் கேட்கவில்லை. ஸ்கூட்டரில் முகம் பார்க்க வேண்டியதில்லை, பாருங்கள். அடையாறு சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "அம்மா, மேத்ஸ்ல முப்பத்தொண்ணுதான். திட்டாத." பேப்பரில் என் கையெழுத்தையும் அவளே போட்டிருக்கிறாள். என்னுடையதைவிட அழகாக இருந்தது, அது வேறு விஷயம்.

என் ஓட்டு ஸ்கூட்டருக்குத்தான். ஆனால் யாரோ மிரட்டுகிறார்கள், படம் கேட்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் சிக்னலுக்காகக் காத்திருக்கக் கூடாது. அப்போது போனைப் பார்க்கலாம், அவளிடம் சொல்லிவிட்டு. நம்மிடம் சொல்லத் தயங்கினால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு அவளே இலவசமாக அழைக்கலாம். அந்த எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.